நெடில், நெடில், குறில், நெடில்

எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூரை பாதிதான்.
புகைபோக்கி உள்ளே, நிலக்கரித் தொட்டி மழையில்.
மீதிக்குத் தகரம் வாங்கப் பணமில்லை என்று
ஆறு வருடமாகக் கணக்குப் புத்தகத்தில்
நான்தான் எழுதிவருகிறேன்.

வடக்கு டகோட்டாவில் மார்ச் மாதம்
இரும்பைத் தொட்ட விரல் தோலை விட்டுவிட்டு வரும்.
அப்படியொரு சனிக்கிழமை
ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் வந்தார், சொந்தச் சுரண்டியோடு.
எங்கே தொடங்கலாம் என்றார்.
துருவுக்கு ஏது தொடக்கம்?
சக்கரத்தைக் காட்டினேன்.
பெரிய சக்கரம் எட்டு. ஒன்றுக்கு ஒரு மாதம் பிடித்தது.
பேச்சு, வானிலையைத் தாண்டவில்லை.

ஃபார்கோவிலிருந்து பரிசோதகர் வந்தார்.
கொதிகலன் வயிறெங்கும் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து,
நொண்டியாட்டத்துக்குப் போடுவதுபோல் கட்டம் கட்டமாக,
ஒவ்வொன்றிலும் தகட்டின் தடிமனை எழுதினார்.
நெருப்பறையின் இடது மூலையில் மட்டும்
எண் எழுதாமல் வட்டமிட்டார்.
"இது இனி நெருப்பு தாங்காது."

அன்றே ஐந்து பேர் விலகினார்கள்.
செத்த குதிரைக்கு லாடம் எதற்கு என்றார் டெல்மர் குவாம்,
கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.
அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

ஆர்வில் போகவில்லை.
"விசிலுக்கு நெருப்பு வேண்டாமே.
காற்றை அடைத்தாலும் ஊதும்."

பித்தளை விசில். உள்ளே குருவிக்கூடு,
கூட்டுக்குள் ஓட்டைப் பேனா மூடி ஒன்று.
கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்
சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டார்.
குளிர்காலம் முழுக்க அதைத் தள்ளித் தள்ளி வைத்துத்தான்
சூப் பரிமாறினாளாம் அவர் மனைவி லோவிசா.
வீடெங்கும் வினிகர் வாசனை.

பழைய காகிதங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கும்போது
பிப்ரவரியில் அகப்பட்டது எனக்கு.
1948, நவம்பர். நாற்பத்தோராம் மைல் கடவை.
எஞ்சின் எண் 1138. அதாவது, இதே எஞ்சின்.
சிக்னே ஸ்டென்ஸ்ருட், வயது பதினொன்று.
விசில் ஊதினேன்: ஓட்டுநர்.
ஊதவில்லை: தாய்.
தாயின் சொல்மேல் கம்பெனி முத்திரை
சற்றுச் சாய்ந்து விழுந்திருந்தது.

காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
கேட்கவில்லை.
பரிமாறிய காபியில் சர்க்கரை போட மறந்தேன்;
அவரும் கேட்கவில்லை.

விசில் ஏப்ரலிலேயே தயார்.
ஆனாலும் நவம்பர் வரட்டும் என்றார்.
வந்ததும் ஒரு கம்ப்ரசரை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்.
"நான் கடவைக்குப் போகிறேன்.
எட்டு இருபதுக்கு இழுங்கள், பிறகு எட்டரைக்கு.
இரண்டு தடவையும் ஒரே மாதிரி,
நெடில், நெடில், குறில், நெடில்."

இழுத்தேன்.
தகரம் அதிர்ந்தது, காகங்கள் கிளம்பின,
தபால் நிலையத்துப் பெண் வெளியே ஓடிவந்தாள்.
கடைசி நெடில் பாதியிலேயே இளைத்தது,
தொட்டியில் அவ்வளவுதான் காற்று.
மறுபடி நிரப்பி, மறுபடி இழுத்தேன்.

ஒன்பதரைக்கு லாரி திரும்பியது.
படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்,
காதை மூடும் மடல் வைத்த கம்பளித் தொப்பி,
தலைக்குச் சின்னது, சிவப்பு.
"மடலை ஏற்றி விட்டால் கேட்கிறது," என்றார்.
"இறக்கினால் இல்லை. காற்று மேற்கிலிருந்து."

அன்று காற்று எங்கிருந்து?
நான் கேட்டது அவ்வளவுதான்.

"எனக்கு அஞ்சு வயசு.
நாடாவை நான்தான் முடிச்சுப் போட்டுவிட்டேன்.
மடலை இறக்கியா, ஏற்றியா..."
முடிக்காமல் எழுந்து
வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றினார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.
முதலில் சுரண்டிய சக்கரத்தில்
மறுபடி செம்புள்ளி வைத்திருந்தது.

கணக்கில் எழுதினேன்:
கம்ப்ரசர் வாடகை, நாற்பத்தைந்து டாலர்.
எதற்கு என்ற பத்தியில் முதலில் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு, "விசில். வேலை செய்கிறது" என்று போட்டு
தேதியை எழுதி, பக்கத்தில்
காற்று வடமேற்கு என்றும் குறித்துவைத்தேன்,
யாரும் அதைக் கேட்காவிட்டாலும்.